கடைமடைக்குச் சேதி போகவில்லை!

தஞ்சை விவசாயியிடம் ஜூன் 12 என்று சொன்னால் போதும். "மேட்டூர் அணை திறக்கும் நாள்" என்பார்.

எல்லா ஆண்டும் அப்படியே நடக்கிறதா? இல்லை. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தார்கள். வழக்கம் இருக்கிறது, அந்த ஆண்டுக்கு மட்டும் மாற்றம்.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களும் இப்படிச் செய்கிறார்கள். பரம்பரையாக வந்த வழக்கத்தை ஓர் இடத்தில் மட்டும் மாற்றி எழுதுவார்கள். அதற்கு "ஓவர்ரைடு" என்று பெயர்.

தாயும் சேயும்

செல்போனில் பணம் அனுப்ப ஒரு பொத்தானைத் தொடுகிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு பொத்தானையும் யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. "தாய்ப் பொத்தான்" ஒன்று முன்பே இருக்கும். அதன் குணம் எல்லாம் சேய்ப் பொத்தானுக்குத் தானாக வந்துவிடும். நார்வே நாட்டு டால், நைகார்ட் என்ற இருவர் 1967-ல் கொண்டுவந்த "சிமுலா" மொழியில் இந்த ஏற்பாடு பிறந்தது.

தாய்க்கு ஒரு கடமை உண்டு. யாராவது தொட்டால், "எனக்கும் சொல்" என்று பதிந்து வைத்தவர்களுக்கெல்லாம் சேதி சொல்ல வேண்டும். புரோகிராமில் ஒரு பகுதி கணக்கு எழுதும். இன்னொரு பகுதி ரசீது அனுப்பும். இவை எல்லாம் அந்தச் சேதிக்காகவே காத்திருக்கும்.

ஒருவர் சேய்ப் பொத்தானை மாற்றி எழுதுகிறார். தொட்டதும் நிறம் மாற வேண்டும் என்பது அவர் ஆசை. நிறம் மாறுகிறது. ஆனால் தாயைக் கூப்பிட மறந்துவிட்டார். கணக்கும் இல்லை, ரசீதும் இல்லை!

மேட்டூர்த் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து ஓடும். நடுவில் ஒருவர் மதகை அடைத்துத் தன் வயலுக்கு மட்டும் பாய்ச்சிக்கொண்டால் என்ன ஆகும்? தலைமடையில் நாற்று பச்சையாக நிற்கும். கடைமடையில் நிலம் வெடிக்கும். தலைமடையில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது.

புரோகிராமிலும் அதுதான் ஆபத்து. "சி ஷார்ப்" மொழியில் தாயைக் கூப்பிடாவிட்டால் யாரும் தடுக்கமாட்டார்கள். தவறு என்று ஓர் எச்சரிக்கைகூட வராது. ரசீது வரவில்லை என்று யாராவது கேட்கும்போதுதான் தேடத் தொடங்குவார்கள்.

ஒரே ஒரு வரி

மருந்து சுலபம். "பேஸ்" என்ற சொல்லால் தாயைக் கூப்பிட்டு, "உன் வேலையையும் செய்" என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆண்ட்ராய்டு செல்போனில் கண்டிப்பு அதிகம். திரை தொடங்கும்போது தாயைக் கூப்பிட மறந்தால் புரோகிராமே நின்றுவிடும். சத்தமில்லாமல் கெடுவதைவிட அது மேல் என்பது என் கட்சி.

தாயைக் கூப்பிடாமல் விடுவது எப்போதும் தவறா? அதுவும் இல்லை. வெள்ளம் வந்தால் கல்லணையில் உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்களே! அதுபோல, திரை மினுங்காமல் இருப்பதற்காக, பின்னணிக்கு வண்ணம் பூசும் தாயின் வேலையை வேண்டுமென்றே விட்டுவிடுவது உண்டு. தெரிந்து அடைத்த மதகு அது.