மண்ணைக் கரைக்கும் முதல் துளி

மீனாட்சிபுரத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகும்போது, சரிவான நிலத்தில் நிற்கும் ஒரு பழைய பனையின் தூரைக் குனிந்து பாருங்கள். மேட்டுப் பக்கம் மண் மூடியிருக்கும். பள்ளத்துப் பக்கம் வேர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வேர்கள் முளைத்தபோது நிலமட்டம் எங்கே இருந்தது என்பதை மரமே காட்டுகிறது. ‘காட்டுல கல்லு முளைக்குது’ என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். கல் முளைக்கவில்லை, அதை மூடியிருந்த மண் போய்விட்டது.

எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடலாம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால் அது 4 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 5 டன். ஒரு டிப்பர் லோடு மண் வயலை விட்டுப் போயிருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. இந்தியா முழுவதற்கும் ஆய்வாளர்கள் துருவநாராயணாவும் ராம் பாபுவும் 1983-ல் போட்ட மதிப்பீடு, ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 16 டன்னுக்கு மேல். அதாவது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். முதலில் போவது மக்கிய பொருளும் நுண்துகளும், அதாவது பயிருக்குச் சோறு போடும் பகுதி. மணலும் சரளையும் பின்தங்கிவிடும்.

மண் அரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது ஓடைக்கரை இடிந்து விழுவது. ஆனால் வேலை அங்கே தொடங்குவதில்லை, துளி விழும் இடத்தில் தொடங்குகிறது. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது, மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் மேல். வெறும் மண்ணில் விழுந்தால் கட்டி சிதறும். கோடை மழைக்குப் பிறகு வெள்ளையடித்த சுவரின் அடியைப் பாருங்கள்: இரண்டடி உயரம் வரை செம்மண் தெறித்திருக்கும். சுவர் இல்லாத இடத்தில் அந்த மண்ணில் பெரும்பகுதி சரிவின் கீழ்ப்பக்கமாகப் போய் விழுகிறது.

தெறித்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மேலே அப்பளம் போல ஒரு மெல்லிய ஏடு படியும். அதன்பின் நீர் உள்ளே இறங்காது, ஓடத்தான் வேண்டும். முதலில் நிலம் முழுக்க மெல்லிய படலமாய் ஓடும், பிறகு விரல் அகலக் கோடுகளாய்த் திரளும். கோடுகள் சேர்ந்து சால் ஆகும், சால்கள் சேர்ந்து ஆள் இறங்கும் பள்ளமாகும். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்பது பழைய கணக்கு. சரிவு நீளமாக இருப்பதும் செங்குத்தாக இருப்பதும் ஆபத்தாவது இதனால்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘தோப்புதானே, மரம் இருக்கே, மண் எங்கே போகும்?’ என்று நினைக்கிறோம். தென்னை ஓலையில் திரண்டு சொட்டும் நீர் முப்பது, நாற்பதடி உயரத்திலிருந்து விழுகிறது. தரைக்கு வருவதற்குள் இழந்த வேகத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிடும். ஓலையில் சேர்ந்த துளி, நேராக வந்த துளியைவிடப் பெரியதாகவும் இருக்கும். ஆகவே அடியில் புல்லும் சருகும் இல்லாமல் உழுது சுத்தமாக வைத்த தோப்பு, மரமிருந்தும் வெறும் நிலம்தான். மழைக்கு முன் வரப்புப் புல்லை மண் தெரியச் செதுக்கி எடுப்பதும் அப்படியே. பார்க்க அழகாக இருக்கலாம், மழைக்கு அது திறந்த கதவு.

இடுக்கிப் பக்கம் சரிவு கூடுதல், மழையும் கூடுதல். வளர்ந்த தேயிலை, குடை விரித்தாற்போலத் தரையை மூடிவிடும். கன்றாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில்தான் மண் அதிகம் கழுவப்படுகிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வெட்டும் வடிகாலை ‘கான்’ என்பார்கள். கானுக்குள் இடையிடையே சிறு மண் தடுப்பு விட்டால், நீர் நின்று வண்டலை இறக்கிவிட்டு மெல்ல நகரும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கியின் பெட்டிமுடியில் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேரை இழந்தோம். அது வேறு வகை. கனமழையில் ஊறிக் கனத்த மண் மொத்தமாகப் பிடி விட்டு இறங்கும் நிலச்சரிவு அது. இங்கே சொல்லும் வரப்பும் புல்லும் அதைத் தடுத்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. செங்குத்தான, நீர் ஊறும் சரிவில் குழி வெட்டி நீரைத் தேக்குவது கெடுதலாகவும் முடியலாம். அங்கே நீரைப் பத்திரமாக வெளியேற்றுவதே முதல் வேலை.

நம் பாலக்காடு மாவட்டத்திலேயே படிக்க வேண்டிய பாடம் அட்டப்பாடி. காடு அழிந்து, கிழக்குச் சரிவுகள் மொட்டையாகி, ஓடைகள் வற்றிப்போன பகுதி அது. அங்கே 1996-ல் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒரு பெரிய மீட்புத் திட்டம் தொடங்கியது. மலைச்சரிவில் மரம் நட்டார்கள், கல்வரப்பு போட்டார்கள், ஓடைகளில் தடுப்பணைகள் கட்டினார்கள். ஊர்தோறும் பழங்குடி மக்களின் குழுக்கள் அந்த வேலைகளில் பங்கெடுத்தன. தமிழக எல்லையை ஒட்டி ஓடும் கொடுங்கரைப் பள்ளத்தில் மறுபடி நீரோட்டம் கண்டது. அணை மட்டும் கட்டியிருந்தால் அது சில மழையில் வண்டலால் நிரம்பியிருக்கும் என்பது என் எண்ணம். மேட்டைப் பச்சையாக்கியதுதான் அணையையும் காத்தது.

நம் தோப்பில் என்ன செய்யலாம்? முதல் வேலை தரையை மூடுவது. ஓலை, சருகு, தட்டைப்பயறு, கொள்ளு, எதுவானாலும் சரி, ஏப்ரல், மே கோடை மழைக்கு மண் வெறுமையாக இருக்கக் கூடாது. தேங்காய் மட்டையை எரிக்காமல், மர வரிசைகளுக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக நீளக் குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள். கடற்பஞ்சு போல நீரைப் பிடித்து வைக்கும். பலன் 5 முதல் 7 ஆண்டு வரை நிற்கும்.

அடுத்தது, உழவும் வரப்பும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போக வேண்டும். மட்டம் பார்க்க மூன்று கழியை ‘ஏ’ எழுத்து வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கல் தொங்கவிட்டால் போதும். நூல் நடுக்கோட்டில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டம். கண் மதிப்பில் போட்ட வரப்பு தாழ்ந்த இடத்தில் உடையும். தேங்கிய நீரெல்லாம் அந்த ஓட்டை வழியே பாய்ந்து, வரப்பே புதிய பள்ளத்தை உண்டாக்கிவிடும். சித்தூர் தாலுகாவின் கரிசல் நிலத்தில் இன்னொரு கவனம் வேண்டும்: அங்கே நீர் எளிதில் இறங்காது, தேங்கினால் வேர் அழுகும். வரப்புக்கு லேசான வாட்டம் கொடுத்து, முடிவில் கல்லோ புல்லோ பதித்த போக்கு விட வேண்டும். வரப்பின் மேல் வெட்டிவேரை நெருக்கமாக நட்டால், ஆளுயரத்தைவிட ஆழமாக வேர் இறங்கி மண்ணைத் தைத்துவிடும்.

ஏற்கெனவே பள்ளம் விழுந்துவிட்டதா? ஒரே பெரிய தடுப்பைவிடப் பல சிறிய கல் தடுப்புகள் மேல். மேலேயிருந்து தொடங்குங்கள். கீழ்த் தடுப்பின் உச்சியும் மேல்தடுப்பின் அடியும் ஒரே மட்டத்தில் இருந்தால், இடையில் நீர் வேகம் எடுக்க இடமிராது. தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஓரமாய்ப் போய்க் கரையைத் தோண்டும். இரண்டு மழைக்காலம் போனபின் தடுப்புக்குப் பின்னால் வண்டல் சேர்ந்திருக்கும். அதை அள்ளிக்கொண்டு போகாமல், அதிலேயே புல் நட்டுவிடுங்கள்.