துறவியை வளர்க்கும் கணக்கு!

'கம்ப்யூட்டரில் விளையாடுகிறவனுக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது?' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்கிறார்களா, குட்டீஸ்? அவர்களிடம் இதைக் காட்டுங்கள்!

'ராக்னராக் ஆன்லைன்' என்ற விளையாட்டை, தென் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002ல் வெளியிட்டது. லீ மியுங் ஜின் என்பவர் வரைந்த சித்திரக் கதையிலிருந்து பிறந்தது இது. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் இணையம் வழியே சேர்ந்து ஆடுவார்கள். அதில் வரும் ஒரு பாத்திரம்தான், 'மாங்க்' எனும் துறவி. முஷ்டிச் சண்டையில் புலி!

ஆனால், எடுத்த எடுப்பிலேயே துறவி ஆகிவிட முடியாது. முதலில், 'நோவிஸ்' எனும் கற்றுக்குட்டி. பிறகு, 'அகோலைட்' எனும் சீடன். இந்தச் சீடன் பாவம், சண்டையில் சோப்ளாங்கி! அவனுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை, 'ஹீல்' எனும் காயம் ஆற்றும் மந்திரம்தான். அதை வைத்து எதிரியை எப்படி வீழ்த்துவது?

பயோன் என்ற ஊரின் குகையில் நடைபிணங்கள் திரிகின்றன. உயிருள்ளவர்களுக்கு மருந்தாகும் ஹீல், பிணங்களுக்கு விஷம்! நடைபிணத்துக்கு 'வைத்தியம்' பார்த்தே சீடன் நிலை உயர்கிறான். இந்த விதியை யோசித்தவரின் மூளைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

துறவியான பின் இரண்டு வழி. வேகத்தை வளர்த்தால், எதிரியின் அடிக்கு நழுவி, அடுக்கடுக்காகக் குத்தலாம். தனியாகச் சுற்றுபவர்களுக்கு இதுவே நல்லது. இன்னொரு வழி, 'அசுரா ஸ்ட்ரைக்'. ஆம், நம் கதைகளில் வரும் அதே அசுரன்தான்! புத்த மதத்தோடு கொரியா வரை போன சொல் அது. மந்திர சக்தி முழுவதையும் ஒரே அடியில் கொட்டிவிட வேண்டும். எதிரி விழாவிட்டால் போச்சு! சக்தி ஊறச் சிறிது நேரம் ஆகும். அதுவரை துறவி வெறுங்கையன்.

பென்சிலை எடுங்கள். பலம், வேகம், உடல் உறுதி, அறிவு, கைத்திறன், அதிர்ஷ்டம் என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றும் 1ல் துவங்கி, 99 வரை உயரும். 1லிருந்து 11 வரை, படிக்கு 2 புள்ளி செலவு. அடுத்த பத்துப் படிகளுக்கு, தலா 3. இப்படியே விலை ஏறி, 91லிருந்து படிக்கு 11 புள்ளி! 2010ல் விதிகள் மாறின. இது அதற்கு முந்தைய கணக்கு.

ஒரு குணத்தை 50 ஆக்க, 194 புள்ளி. 99 ஆக்க, 388 என்று சொன்னால் முட்டை மார்க்! சரியான விடை, 628.

99ம் நிலையை எட்டும் சாதாரணத் துறவிக்கு, மொத்தம் கிடைப்பது 1,273 புள்ளி. பலம், வேகம் இரண்டையும் 99 ஆக்கினால், 1,256 காலி. மிச்சம் 17ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறி தவறும், ஓர் அடி பட்டாலும் தாங்காது. போட்ட புள்ளியைச் சுலபமாகத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இரண்டையும் 90லேயே நிறுத்திப் பாருங்கள். செலவு 1,060தான், கையில் 213 இருக்கும். கைத்திறனை 50க்கு ஏற்றிய பிறகும், 19 புள்ளி மிஞ்சும்!