படம் தலைவருடையது, கையெழுத்து யாருடையது?

காந்தியிடம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும். பணம் ஹரிஜன நிதிக்குப் போகும். பெரியாரும் காசு வாங்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அவையெல்லாம் கேட்டவர் கண்ணெதிரே போட்டவை. இன்று இணையத்தில் ‘தலைவர் கையொப்பமிட்ட அரிய படம்’ என்று விலைக்கு வருபவற்றை யார், எங்கே கையெழுத்திட்டார் என்பது பல சமயம் விற்பவருக்கே தெரியாது.

எல்லாமே மோசடியாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் பெயரில் போன படங்கள் பலவற்றில் கையெழுத்திட்டவர் அவருடைய செயலாளர் எவலின் லிங்கன். இன்னும் பலவற்றில் ‘ஆட்டோபென்’ என்ற இயந்திரமே பேனா பிடித்தது.

அசல் மோசடியும் உண்டு. அமெரிக்காவில் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் 1990களில் வளைத்த கும்பல், பேஸ்பால் பந்தில் அன்னை தெரசாவின் கையெழுத்தைக்கூடப் போட்டு விற்றது. அசல் என்று சொல்லும் சான்றிதழையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கையெழுத்து சிறுசிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. ஒருவர் இருமுறை போட்ட கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தாது. பொருந்தினால் இயந்திரத்தைச் சந்தேகிக்கலாம். கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கும் உதவும். புகைப்படத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலானது 1950களில்தான். ஆகவே 1940களின் படம் என்று சொல்லப்படுவது அந்த வெளிச்சத்தில் நீலமாகப் பளிச்சிட்டால் பின்வாங்குவது நல்லது. 1983இல் ‘ஹிட்லரின் டைரி’ என்ற புரட்டு அம்பலமானதற்கும் தாளில் இருந்த இந்த வகை ரசாயனம் ஒரு காரணம்.

வாங்கும் முன், படம் யார் யார் கைமாறி வந்தது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். பில்லில் ‘அசல் கையெழுத்து’ என்ற வாசகம் இருக்க வேண்டும். விற்பனை விளம்பரத்தையும் அன்றே படம்பிடித்து வைத்துக்கொள்வது பின்னால் கைகொடுக்கும்.

ஏமாந்துவிட்டால்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இணைய விற்பனைத் தளமாக இருந்தால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு விதிகள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டுகள். மறுவிற்பனைக்காக வாங்கிய வியாபாரிக்கு இந்த வழி இல்லை. இணையத்தில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைந்துவிட்டார்கள் என்றால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதமானால் பணத்தை முடக்குவது கடினம்.

அசலே கையில் இருப்பவருக்கு வேறொரு எச்சரிக்கை. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டுகளைத் தாண்டினால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். காந்தி மறைந்தது 1948 ஜனவரியில். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் போட்ட கடைசிக் கையெழுத்தும் இப்போது அந்த 75 ஆண்டைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட வேண்டும்.