கோலா கெடா கோட்டை: ஆற்றுமுகத்துக்கு வந்த ஐரோப்பியப் போர்

இந்தச் செங்கல் மதிலைத் தொட்டுப் பாருங்கள். 1770களில் சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா எழுப்பியது. அதற்கு முன்பே இந்த ஆற்றுமுகம் பலமுறை அடிவாங்கிவிட்டது.

1611இல் போர்த்துக்கீசியர் இங்கே இறங்கித் தீவைத்தார்கள். அவர்களோ கத்தோலிக்கர், 1580 முதல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். அதே மன்னரை எதிர்த்து 1568இலிருந்து சண்டையிட்டு வந்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களை முன்நின்று நடத்தியவர்கள் புராட்டஸ்டண்டுகள். வரியும் வேதமும் பின்னிக்கொண்ட அந்தச் சண்டை, மிளகுக் கப்பல்களின் பின்னாலேயே கிழக்குக் கடலுக்கும் வந்தது. 1603இல் ஜோகூர் பக்கத்தில் ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் மடக்கினார்கள். உள்ளே சீனப் பட்டும் பீங்கானும். கொள்ளைக்கு நியாயம் தேடவே ஹ்யூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞர் எழுதத் தொடங்கினார். அதில் ஒரு பகுதிதான் 1609இல் அச்சேறிய ‘சுதந்திரக் கடல்’.

1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமானது. மறு ஆண்டே கெடாவுடன் ஈய ஒப்பந்தம். கடலில் சுதந்திரம் பேசியவர்கள், இப்போது பிறர் கப்பலுக்கு அனுமதிச் சீட்டுக் கேட்டார்கள்!

சோழமண்டலத் துணியைக் கொண்டுவந்து ஈயமும் யானையும் ஏற்றிச்சென்ற சூலியா என்ற தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கு இரு தரப்புமே தொல்லைதான். 1648இல் ஸ்பெயினும் டச்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டார்கள். ஆனால் அதற்குள் ஸ்பெயினிடமிருந்து பிரிந்துவிட்ட போர்த்துக்கீசியர் அதில் சேரவில்லை. 1658இல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போயிற்று.