சீருடையா, சோதனைச் சாலையா?

கம்ப்யூட்டர் படிப்பு முடிந்து பட்டமும் வாங்கியாகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் சபை கூடியிருக்கிறது.

"கம்பெனி வேலைக்குப் போ! கை நிறையச் சம்பளம்!" என்கிறார் மாமா.

"இன்று வா என்பான், நாளை போ என்பான். சர்க்கார் உத்தியோகம்தான் சாசுவதம்" என்கிறார் தாத்தா.

"ராணுவமா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது.

நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை!

உங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி நடக்கிறதா? அப்படியானால், வாசகரே, சற்று இப்படி வாருங்கள். கம்ப்யூட்டர் பட்டதாரிக்குப் பாதுகாப்புத் துறையில் முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று சோதனைச் சாலை, மற்றொன்று சீருடை.

முதல் வாசல் டி.ஆர்.டி.ஓ. என்னும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம். 1958-ல் தோன்றியது. ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருவாக்கியது இதன் கிளைதான். பெங்களூரில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு மையம் 1986-லிருந்து இருக்கிறது. முதல் வகுப்பில் தேறிய பொறியியல் பட்டதாரிகள், 'கேட்' என்ற அகில இந்தியப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, பேட்டியிலும் தேறினால் 'விஞ்ஞானி பி' ஆகலாம்.

இரண்டாவது வாசலுக்கு எழுத்துப் பரீட்சை இல்லை. குறுகிய காலப் பணிக்கு மனுப் போட்டால், பட்டப் படிப்பின் மார்க்கைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் கூடவே வைத்துக்கொண்டு ஆளை எடை போடுவார்கள். ஓடச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள், ஒரு குழுவை நடத்தச் சொல்வார்கள். பெண்களும் சேரலாம். தேறியவர்களுக்குப் பயிற்சி தரும் இடங்களில் ஒன்று நம் பரங்கிமலையிலேயே இருக்கிறது!

சம்பளம்? 2016-ல் அமலுக்கு வந்த ஏழாவது சம்பளக் கமிஷன்படி, இரு வாசலிலும் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ஒன்றேதான்: மாதம் 56,100 ரூபாய். படிகள் தனி. சீருடைக்கு மேலும் 15,500 ரூபாய் ராணுவச் சேவைச் சம்பளம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பல பெரிய மென்பொருள் கம்பெனிகள் தருவது இதைவிடக் குறைவுதான். ஆகவே மாமா சொன்னது முழு உண்மை அல்ல. ஆனால், கெட்டிக்காரன் நாலைந்து வருஷத்தில் கம்பெனி மாறி எங்கேயோ போய்விடுவான். சர்க்காரில் அந்தத் தாவல் கிடையாது.

தாத்தா சொன்ன 'சாசுவத'த்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். சோதனைச் சாலை வேலை நிரந்தரந்தான். ஆனால் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குத் தாத்தா காலத்துப் பென்ஷன் இல்லை. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் திட்டந்தான். குறுகிய காலப் பணியோ பத்து வருஷம். வேண்டுமானால் இன்னும் நான்கு வருஷம் நீடிக்கலாம். நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால், பணிக்கொடையுடன் வெளியே வந்து, பென்ஷன் இல்லாமல் புது வேலை தேட வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சேருவது நல்லது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இரண்டு உண்டு. ஒன்று, பொறுமை. தேஜஸ் போர் விமானத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1983-ல். விமானம் முதன்முதலாக வானில் எழும்பியது 2001 ஜனவரியில்! கம்ப்யூட்டர் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தால்தான் பறக்கக்கூடிய விமானம் அது. அந்த மூளையில் ஒரு பிழை இருந்தாலும் விமானியின் உயிருக்கு ஆபத்து. இன்று எழுதி நாளை திருத்திக்கொள்ளும் வேலை அல்ல.

மற்றொன்று, மௌனம். 1923-ம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. கம்பெனியில் இருக்கும் தோழன் தன் சாதனையை உலகத்துக்கெல்லாம் காட்டுவான். உங்கள் பிள்ளையோ, "இன்று ஆபீஸில் என்ன செய்தாய்?" என்று அம்மா கேட்டால்கூடச் சிரித்து மழுப்ப வேண்டியிருக்கும். பின்னால் வேறு வேலைக்குப் போகும்போதும், செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்ல முடியாது.

இந்த இரு வாசல்களிலும் அடுத்தடுத்து நின்ற ஒருவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அந்த இளைஞர் விமானியாக ஆசைப்பட்டு டேராடூன் போனார். வந்தவர்கள் 25 பேர், எடுத்துக்கொண்டது 8 பேர், அவர் ஒன்பதாவது! மனம் ஒடிந்து ரிஷிகேசம் வரை போனார். பிறகு 1958-ல், டில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தார். அவர்தான் அப்துல் கலாம். ஒரு வாசல் மூடினால் மற்றது இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே, வாசகரே, கூடத்துச் சபையைச் சற்று நிறுத்துங்கள். நடுவில் இருக்கும் பிள்ளையிடம் இதை மட்டும் கேளுங்கள்: "நீ செய்யும் வேலை ஊருக்குத் தெரியாது. பலனைக் காணப் பல வருஷம் ஆகலாம். அப்படியும் அதைச் சந்தோஷமாகச் செய்வாயா?"

உடனே பதில் வர வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் ஆகட்டும். "செய்வேன்" என்று வந்தால், மாமாவும் தாத்தாவும் ஒதுங்கிக்கொள்ளட்டும். "மாட்டேன்" என்று வந்தாலும் குறை ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்ன பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

அம்மாவிடம் யார் சொல்வது என்கிறீர்களா? அதற்கு மட்டும் எந்தச் சோதனைச் சாலையிலும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை!