உப்பளத்து மகளுக்கு வழிகாட்டி ஆசிரியர் யார்?

மரக்காணம் உப்பளங்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் காலாப்பட்டு. அங்குள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் மகள் ஒருத்தி உளவியல் பயில வருகிறாள் என்று கொள்வோம். முதுகலைப் பட்டம் மட்டுமே அவளை மருத்துவ உளவியலாளர் ஆக்கிவிடாது. 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பும் அதன் பதிவேட்டில் பெயரும் வேண்டும். இதையும், களப்பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிப்பது, பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பனவற்றையும் படித்த குடும்பங்களில் மாமாவோ சித்தியோ சொல்லிவிடுவர். முதல் தலைமுறை மாணவிக்கு ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

சொல்கிறார்களா? டெல்லி எய்ம்ஸ் குறித்து 2007 இல் அறிக்கை அளித்த தோரட் குழுவிடம், கருத்துரைத்த பட்டியலின, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களின் போதிய ஆதரவு இல்லை என்றனர்.

நாக் தரமதிப்பீட்டுக்காகக் கல்லூரிகள் வழிகாட்டி-மாணவர் விகிதத்தைக் கணக்குக் காட்டுகின்றன. ஏட்டில் அது பெரும்பாலும் அழகாகவே இருக்கும். சந்திப்பு நடந்ததா என்பதை விகிதம் சொல்லாது.

பாகுபாட்டுக்கு எதிராகப் புகாரளிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 ஒழுங்குமுறைகள் வழிசெய்தன. ஆனால், சொல்லாமல் விடப்பட்ட தகவலுக்கு எந்தப் பிரிவின்கீழ்ப் புகாரளிப்பது?

அரசு நிறுவனமெனில் ஒரு வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6 ஆம் பிரிவின்கீழ், 10 ரூபாய் கட்டணத்தில், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி ஆசிரியரின் பெயரையும் சந்திப்புப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள்.