பெயரும் இடமும்: பைத்தான் மொழியில் நிரற்கூறுகளைத் தேடும் முறை

தரவகங்களைக் கணிப்பொறியின் துணையுடன் ஆராயும் மொழியியலாருள் பலர் இன்று பைத்தான் மொழியில் தம் நிரல்களை எழுதுகின்றனர். சொற்பிரிப்பு, வேர்ச்சொல் அறிதல், சொல்லடைவு ஆகியவற்றுக்கான பகுதிகளை மாட்யூல் எனப்படும் நிரற்கூறுகளாகத் தனிக் கோப்புகளில் வைத்து, வேண்டும்போது 'இம்போர்ட்' என்னும் கட்டளையால் அழைத்துக்கொள்வது வழக்கம். இக்கட்டளையில் கூறின் பெயர் மட்டுமே இடம்பெறும். அது இருக்கும் இடம் குறிக்கப்படுவதில்லை. பெயரைக் கொண்டு இடத்தை அறிவது மொழியின் இயக்கியைச் சார்ந்தது. அது அறியும் முறையினை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

கூறு முன்னரே ஏற்றப்பட்டுள்ளதா என்பதை இயக்கி முதலில் நோக்கும். ஏற்றப்பட்டிருப்பின் அதனையே தரும். இல்லையெனில் தன்னுள் அமைந்த கூறுகளுள் தேடும். அங்கும் கிட்டாதபோது 'சிஸ்.பாத்' என்னும் பட்டியலை நாடும். இது கோப்பகங்களின் வரிசையாகும். இயக்கப்படும் நிரல் உள்ள கோப்பகம் இதில் முதலிடம் பெறும். அடுத்து, 'பைத்தான்பாத்' என்னும் சூழல் மாறியில் பயனர் குறித்துள்ள கோப்பகங்களும், பின் மொழியுடன் வரும் செந்தர நூலகமும், அதன்பின் பிறர் எழுதிய கூறுகள் நிறுவப்படும் 'சைட்-பேக்கேஜஸ்' கோப்பகமும் வரும். பெயர் முதலில் எங்குக் கிட்டுகின்றதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். பலபொருள் ஒருசொல்லுக்குச் சூழல் பொருள் உணர்த்துவது போன்ற உதவி இங்கு இல்லை. வரிசை ஒன்றே முடிவு செய்கின்றது.

சொற்பிரிப்பு நிரல் எழுதும் ஆய்வாளர் அதற்கு 'டோக்கனைஸ்' என்று பெயரிடுவது இயல்பே. ஆனால் அதே பெயரில் செந்தர நூலகத்திலும் ஒரு கூறு உண்டு. பைத்தான் நிரலையே சொற்கூறுகளாகப் பிரிப்பது அதன் பணி. 'இன்ஸ்பெக்ட்' முதலிய பிற கூறுகள் அதனை அழைக்கின்றன. அவை இப்போது ஆய்வாளரின் கோப்பைப் பெறும். தமக்கு வேண்டியது அதில் இல்லாமையால், ஆய்வாளர் தொடாத ஓரிடத்தில் பிழைச்செய்தி தோன்றும். 2024இல் வெளிவந்த 3.13 பதிப்பு இத்தகைய பெயர் மோதலைச் செய்தியிலேயே சுட்டுகின்றது.

பிழைச்செய்தி தோன்றாத நிலையே மிகவும் அஞ்சத்தக்கது. திருத்தப்பட்ட விகுதிப் பட்டியல் ஒரு கோப்பகத்திலும் பழைய பட்டியல் வேறொன்றிலும் ஒரே பெயரில் இருப்பதாகக் கொள்வோம். பழையது வரிசையில் முற்பட்டால் நிரல் தடையின்றி இயங்கும், எண்ணிக்கைகள் வெளிவரும், அவை பழைய பட்டியலுக்குரியவை என்பது அட்டவணையைக் காண்பவருக்குப் புலப்படாது. கோப்பிலிருந்து ஏற்றப்பட்ட கூறு தன் கோப்பின் முழு முகவரியை 'ஃபைல்' என்னும் பண்பில் தாங்கியுள்ளது. ஆய்வு முடிவுகளுடன் அதனையும் அச்சிட்டு வைப்பது ஒரு வரிச் செலவே. எனினும் அதனைச் செய்வோர் சிலரே.

நிரலினுள்ளேயே பட்டியலின் தலையில் ஒரு கோப்பகத்தைச் செருகுவதும் பரவலாகக் காணப்படுகின்றது. செருகும் முன்னரே ஏற்றப்பட்ட கூறுகளை இது மாற்றாது. மேலும், ஒருவர் கணிப்பொறியின் முகவரி பிறர் கணிப்பொறியில் பொருந்துவதில்லை. சூழல் மாறியோ, அது நடப்பிலுள்ள அமர்வில் இயங்கும் பைத்தான் நிரல்கள் அனைத்தையும் பாதிக்கும். ஒவ்வோர் ஆய்வுக்கும் தனிச் சூழல் அமைத்து, சொந்தக் கூறுகளையும் அதில் முறையாக நிறுவுவதே தக்கது. இதற்கான 'வென்வ்' வசதி 2012இல் வந்த 3.3 பதிப்பு முதல் மொழியுடனேயே கிடைக்கின்றது. தனிச் சூழலினுள்ளும் 'பைத்தான்பாத்' செயற்படும் என்பதைப் பலர் கருத்தில் கொள்வதில்லை.

பெர்ல் மொழியில் நடப்புக் கோப்பகம் வரிசையின் இறுதியில் நின்றது. இறுதியில் நிற்பதால் தீங்கில்லை எனத் தோன்றலாம். ஆயினும் நிறுவப்படாத கூறொன்றை நிரல் தேடும்போது தேடல் இறுதிவரை சென்று, அங்குப் பிறர் வைத்த கோப்பை ஏற்ற வாய்ப்பிருந்தது. இப்பாதுகாப்புக் குறை கருதி, 2017இல் வெளிவந்த 5.26 பதிப்பில் அக்கோப்பகம் நீக்கப்பட்டது. பைத்தான் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 2022இல் வந்த 3.11 பதிப்பில், பெரிய எழுத்துப் 'பி' என்னும் விருப்பக்குறியுடன் இயக்கினால் நிரலின் கோப்பகம் பட்டியலில் தானாகச் சேர்க்கப்படாது. விருப்பக்குறி இல்லையெனில் அது முதலிடத்திலேயே நிற்கும்.